எடிட்டரை வேலையை விட்டு எடுத்தது யார்?

வெட்டி_ஒட்டி: காணொளித் தளங்களால் வேலை பெருகிவிட்டது என்கிறார்கள். நான் பிறர் சேனல்களுக்கு எடிட்டிங் செய்து பிழைப்பவன். எந்தக் காணொளியை யாருக்குக் காட்டுவது என்று தளத்தின் அல்காரிதம் செய்யும் பரிந்துரை கொஞ்சம் மாறினால் சேனல்காரருக்கு வியூஸ் சரியும். உடனே எனக்கு "இப்போதைக்கு வேண்டாம் ப்ரோ" என்று ஒரு வரி வரும். நோட்டீஸ் கிடையாது, காரணம் கிடையாது. இதை வேலைவாய்ப்பு என்று எப்படிச் சொல்வது?

பாடம்_நடத்துபவள்: முன்பு எடிட்டிங் வேலை எங்கே இருந்தது? சினிமாவிலும் டிவியிலும். உள்ளே போகவே ஆள் தெரிந்திருக்க வேண்டும். யூடியூப் 2007-லிருந்து விளம்பர வருமானத்தில் பங்கு தருகிறது, நீளமான காணொளிக்கு 55 சதவீதம். வேறு எந்த ஊடகம் புதுமுகத்துக்கு அவ்வளவு கொடுத்தது?

வெட்டி_ஒட்டி: ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளியில் அது 45. அதுவும் எல்லோருக்கும் பொதுவான தொகுப்பிலிருந்து பிரிப்பது. 2018-இல் பங்கு பெற 1000 சப்ஸ்கிரைபர், ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வை வேண்டும் என்று விதி வந்ததே, அன்று சிறிய சேனல்களின் வருமானம் ஒரே அறிவிப்பில் நின்றது.

பாடம்_நடத்துபவள்: 2023-இல் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை 500 ஆகத் தளர்த்தினார்களே?

வெட்டி_ஒட்டி: ரசிகர்கள் கொடுக்கும் பணத்துக்கு மட்டும். விளம்பரப் பங்குக்குப் பழைய வாசல்தான்.

பழைய_நிருபர்: சேனலே இல்லாதவர்களின் வேலையும் போனதைச் சொல்ல வேண்டும். ஃபேஸ்புக் வீடியோவை முன்னால் தள்ளிய காலத்தில் அமெரிக்கச் செய்தித் தளங்கள் சில, எழுதுபவர்களை அனுப்பிவிட்டு வீடியோ ஆட்களை எடுத்தன. 2016-இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது, சராசரிப் பார்வை நேரத்தைக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று. மூன்று விநாடிக்குள் நகர்ந்தவர்களைக் கணக்கில் சேர்க்காமலே சராசரி போட்டிருந்தார்கள்! அந்த எண் எத்தனை பேரின் சம்பளத்தைத் தீர்மானித்ததோ.

பாடம்_நடத்துபவள்: அது நிர்வாகிகளின் அவசரம். தப்பான எண்ணை நம்பி ஆட்களை வேலையை விட்டு அனுப்பியவரை விட்டுவிட்டு அல்காரிதத்தைத் திட்டுவதா?

வெட்டி_ஒட்டி: எண்தான் மேலாளர் என்றால் திட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு நொடியிலும் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடக் கோட்டைச் சேனல்காரர் எனக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார். முதல் அரை நிமிடத்தில் கோடு செங்குத்தாக இறங்கியிருந்தால் தப்பு என்னுடையது. பேசுபவர் மூச்சு விடும் இடத்தையும் வெட்டச் சொல்வார். வெட்டிக் கொடுப்பேன். பார்ப்பவருக்கு மூச்சு முட்டும், அது வேறு கதை. கோடு நிமிர்ந்தால் பாராட்டு தலைப்புக்குப் போகும்.

பழைய_நிருபர்: 2019-இல் ஜெர்மனியின் ஐஜி மெட்டால் தொழிற்சங்கம் யூடியூபர்களோடு சேர்ந்து ஃபேர்டியூப் என்று இயக்கம் நடத்தியது. காணொளியை ஒதுக்கினால் காரணம் சொல், முறையிட ஒரு மனிதரைக் கொடு என்றார்கள். நியாயமான கோரிக்கை.

பாடம்_நடத்துபவள்: நியாயம்தான். ஆனால் அது சேனல் வைத்திருப்பவருக்கான கோரிக்கை. எடிட்டருக்கு முதலாளி சேனல்காரர். கூலி கேட்க வேண்டியது அவரிடம்.

வெட்டி_ஒட்டி: சரி, உங்களிடமே கேட்கிறேன். உங்கள் எடிட்டருக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா?

பாடம்_நடத்துபவள்: இல்லை. அடுத்த மாதம் எனக்கு என்ன வரும் என்று எனக்கே தெரியாது. எந்தத் தொகையை எழுதுவது?

வெட்டி_ஒட்டி: தொகையை விடுங்கள். நிறுத்துவதானால் ஒரு மாதம் முன்னால் சொல்வேன் என்று எழுதலாமே. அதற்கு வியூஸ் கணக்கு எதற்கு?