உதவி தேவை: தேடலில் சோதனை வசதிக்கான குடுவை ஐகான் வரவில்லை

மழைத்துளி:
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேடலில் சோதனைக்கு விட்டிருக்கும் புது வசதியை ஆன் செய்ய நேற்று ராத்திரியிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் போடும் படத்தில் மேலே ஒரு குடுவை இருக்கிறது, எனக்கு அது இல்லவே இல்லை. கேச் அழித்துவிட்டேன், பிரவுசரைத் தூக்கிவிட்டுத் திரும்பவும் போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது?

கீபோர்டுக்காரன்:
எந்தத் தேடுபொறி? போனா கணினியா? எந்த வசதி? இதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

நூல்கண்டு:
விபிஎன் போட்டிருப்பீர்கள். இந்தச் சோதனைகளை நாடு நாடாகத்தான் திறப்பார்கள், விபிஎன் வேறு நாட்டைக் காட்டினால் ஐகான் மறைந்துவிடும். பத்துப் பேருக்காவது இதையே சொல்லியிருப்பேன்.

மழைத்துளி:
கூகுள், லேப்டாப், குரோம். விபிஎன் கிடையாது. ஒரே வீடு, ஒரே வைஃபை, தங்கையின் லேப்டாப்பில் வருகிறது. எனக்கு வேண்டியது வெப் கைடு. அப்பாவுக்குப் பக்கவாதம், போன வாரம்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கை கால் பயிற்சி, விழுங்குவதில் சிரமம், படுக்கைப் புண் என்று தேடினால் எல்லாம் கலந்துகட்டி வருகிறது. தங்கையின் திரையில் அதே தேடலுக்கு இணைப்புகள் தலைப்புவாரியாகப் பிரிந்து நிற்கின்றன.

மூத்தவாசகன்:
கேட்கும் முன் உதவிப் பக்கத்தைப் படிக்கும் பழக்கம் போயே போய்விட்டது. சோதனை என்றால் எல்லாருக்கும் கிடைக்காது, இது பாலபாடம். 2002இல் கூகுள் தன் சோதனை வசதிகளுக்காக லேப்ஸ் என்ற தளத்தைத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்து வருகிறேன். நீங்கள் டைப் செய்யும்போதே கீழே வரும் பரிந்துரைகள்கூட 2004இல் அங்கே சோதனையாக வந்தவைதான். பொறுமை வேண்டும்.

கீபோர்டுக்காரன்:
அந்த லேப்ஸை 2011இல் மூடிவிட்டார்கள் சார். இப்போது அந்தக் குடுவையைத் தட்டினால் திறக்கும் சர்ச் லேப்ஸ் 2023இல் வந்தது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கேட்கிறார், அவரிடம் பழைய வரலாறு எதற்கு?

மூத்தவாசகன்:
அடிப்படை தெரியாமல் ஆன் செய்துவிட்டு அப்புறம் முடிவுகளுக்கு மேலே வரும் ஏஐ சுருக்கம் போகவில்லை என்று அழுபவர்கள் இங்கே நிறைய. அதற்காகச் சொன்னேன்.

வெண்தாள்:
அப்படி அழுதவள் நான்தான். லேப்ஸில் எல்லாவற்றையும் ஆஃப் செய்த பிறகும் மேலே அந்தச் சுருக்கம் வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்?

கீபோர்டுக்காரன்:
அது இப்போது சோதனை இல்லை. 2024 மே மாதம் அமெரிக்காவில் எல்லாருக்கும் திறந்து, அப்புறம் மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோனார்கள். லேப்ஸில் அணைத்தாலும் போகாது. முடிவுகளுக்கு மேலே 'வெப்' என்று ஒரு டேப் இருக்கும், சில சமயம் 'மேலும்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தட்டினால் இணைப்புகள் மட்டும் வரும்.

நூல்கண்டு:
சுருக்கம் வந்தால் என்ன கெட்டுப்போகிறது? நேரம் மிச்சம்தானே.

வெண்தாள்:
மருந்து, உணவு விஷயத்தில் எனக்கு அது ஒப்பவில்லை. விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரைக்கூட எந்தப் பதத்தில் கொடுப்பது என்று சிகிச்சையாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான்கு வரிச் சுருக்கத்தை நம்பி ஒருவர் வாயில் ஊற்றிவிட முடியாது. யார் எழுதியது என்று திறந்து படிக்க வேண்டும்.

கீபோர்டுக்காரன்:
இதை முழுக்க ஏற்கிறேன். வெப் கைடு எனக்குப் பிடித்ததும் அதனால்தான், ஏஐயை வைத்துப் பிரித்தாலும் கடைசியில் கையில் தருவது இணைப்புகளைத்தான். சரி, மழைத்துளி, வலது மேல் மூலையில் வட்டத்தில் தெரிவது எந்தக் கணக்கு? அலுவலகக் கணக்கா? நிறுவனக் கணக்கு என்றால் நிர்வாகி அனுமதித்திருக்க வேண்டும், சிலவற்றுக்குச் சொந்தக் கணக்கேதான் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியதாகக் கணக்கில் இருக்கவும் வேண்டும். இன்காக்னிட்டோவில் பார்த்தீர்களா? அங்கே லாகின் இல்லாததால் ஐகான் வராது.

நூல்கண்டு:
தங்கையின் கணினியில் வருவதால் விபிஎன் இல்லை என்று ஆகிவிடாது, குரோமில் ஏதாவது எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மழைத்துளி:
வட்டத்தில் இருந்தது அலுவலகக் கணக்கின் நீல எழுத்து. சொந்தக் கணக்கும் திறந்துதான் இருந்தது, ஆனால் காலையில் முதலில் லாகின் செய்வது அலுவலகத்தில் என்பதால் தேடல் அதையே எடுத்துக்கொள்கிறது. இரண்டிலிருந்தும் வெளியேறி, சொந்தக் கணக்கில் முதலில் நுழைந்தேன், குடுவை வந்துவிட்டது. நன்றி அண்ணா. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம், போகிறேன்.

கீபோர்டுக்காரன்:
நல்லது. ஆன் செய்த பிறகு அந்த 'வெப்' டேபில் முதலில் பாருங்கள். அலுவலகக் கணக்குக்குக் குரோமில் தனி புரொஃபைல் போட்டுவிட்டால் மறுபடி இந்தக் குழப்பம் வராது. தலைப்புகள் சரியாகப் பிரிகிறதா என்று முடிந்தபோது சொல்லுங்கள்.