கஞ்சா வழக்குகளில் எடை: உத்தரவு நகல்கள் தேவை

வழக்கறிஞர் நண்பர்களே, ஒரு உதவி. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று வாதாடுகிறவர்களில் பலர் 1985 போதைப்பொருள் சட்டத்தின் 2-ஆம் பிரிவைப் புரட்டுவதேயில்லை. அதன்படி பூ, காய் பிடித்த நுனிதான் கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் அதில் வராது. வடக்கே பாங்கு (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) விற்கும் கடைகள் உரிமத்தோடு நடப்பது இதனால்தான்.

சிக்கல் தராசில். 1 கிலோவுக்குள் என்றால் அதிகபட்சம் ஓராண்டு சிறை. 20 கிலோவைத் தாண்டினால் அது 'வணிக அளவு'; குறைந்தது 10 ஆண்டு. 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்பதால் ஜாமீனும் லேசில் கிடைக்காது. ஈரச் செடியை வேர், தண்டு, இலையோடு மூட்டையாக நிறுத்தால், நுனி 5 கிலோ தேறாத சரக்கும் வணிக அளவாகிவிடும்!

நுனியைப் பிரித்து நிறுக்காததால் ஜாமீன் தந்த உயர் நீதிமன்ற உத்தரவுகளும், 52ஏ பிரிவின்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் சரக்கில் மாதிரி எடுக்காத வழக்குகளும் இருந்தால் எண், ஆண்டுடன் போடுங்கள். செய்தித் துணுக்கு வேண்டாம்.