மாஸ்டடானுக்கு மாறியாயிற்று, ஆனால் எழுதுவது யாருக்கும் போய்ச் சேர்வதாகத் தெரியவில்லை. உதவி தேவை

மின்மினி (கேள்வி)

வணக்கம். பல வருடமாக இருந்த ஒரு பெரிய சமூக வலைத்தளத்தை விட்டுவிட்டு, பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் சேர்ந்த வலைப்பின்னலான மாஸ்டடானுக்கு வந்திருக்கிறேன். நான் பின்தொடர்கிறவர்கள் எழுதுவது கண்ணில் படாமல், யாரென்றே தெரியாதவர்களின் சண்டைதான் நாள் முழுக்க முன்னால் வந்து நிற்கிறது என்ற அலுப்பில் எடுத்த முடிவு. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் இல்லை. பதிவுகள் நேர வரிசையில் வருகின்றன. கடைசியாகப் படித்த இடம் வந்ததும் மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். படம் போடுகிறவர்கள் பார்வையற்றவர்களுக்காக அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுகிறார்கள். இதை நான் வேறெங்கும் இவ்வளவு சாதாரணமாகப் பார்த்ததில்லை, மனதுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இப்போது சிக்கல்கள். புத்தகங்களைப் பற்றி ஹேஷ்டேக் போட்டு நிறைய எழுதினேன். வேறு சர்வரில் இருக்கும் தோழி அதே ஹேஷ்டேக்கைத் தேடினால் என் பதிவு ஒன்றுகூட வருவதில்லை. அடுத்து, பல வருடமாக எழுதும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் பக்கத்தை என் கணக்கிலிருந்து திறந்தால் பதிவுகளே இல்லை என்று காட்டுகிறது. யாராவது இணைப்பு அனுப்பி அதைத் திறந்தால் மறுபடி லாகின் செய்யச் சொல்கிறது, என் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. கடைசியாக ஒரு பயம்: என் சர்வர் சின்னது, தனி ஒருவர் நடத்துவது. அவர் மூடிவிட்டுப் போனால் என் கதி?

முன்னெச்சரிக்கையாக, பின்தொடர விரும்புகிறவர்களை நான் பார்த்து அனுமதிக்கும்படி வைத்திருக்கிறேன். மற்ற செட்டிங்ஸ் எதையும் தொடவில்லை.

கல்தூண் (பதில்)

வணக்கம் மின்மினி. அந்த மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அது புரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

மாஸ்டடானில் எல்லாருடைய பதிவும் சேர்ந்து கிடக்கும் பொதுக் கிடங்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் வந்து சேர்ந்ததை மட்டும்தான் வைத்திருக்கும். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில். 2018 ஜனவரியில், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த தரநிலை அது. உங்கள் சர்வரில் ஒருவராவது அந்த மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்ந்தால், அந்த நாள் முதல் அவர் எழுதுவது உங்கள் சர்வருக்கு வரும். பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் பழைய இதழ்கள் வீடு தேடி வராது இல்லையா, அதேதான். உங்கள் சர்வரில் இதுவரை யாரும் அவரைப் பின்தொடரவில்லை போலிருக்கிறது. அதனால்தான் பக்கம் காலி. அவருடைய பழைய பதிவுகள் அவருடைய சர்வரில் பத்திரமாக இருக்கின்றன, அங்கே போய் பிரவுசரில் படிக்கலாம். படிப்பதோடு நிறுத்தாமல் பின்தொடருங்கள். நாளையிலிருந்து உங்கள் ஹோமுக்கே, அதாவது நீங்கள் பின்தொடர்கிறவர்களின் பதிவுகள் வரும் பக்கத்துக்கே வரும்.

ஒரு பதிவுக்கு வந்த மறுமொழிகள் பாதி தெரிந்து பாதி தெரியாமல் போவதற்கும், ஒரே பதிவின் லைக் எண்ணிக்கை இரண்டு சர்வரில் இரண்டு விதமாக இருப்பதற்கும் இதுவேதான் காரணம். மாஸ்டடான் 4.5 பதிப்பிலிருந்து விடுபட்ட மறுமொழிகளைச் சர்வர் தானாகவே தேடி எடுத்துவருகிறது. உங்கள் சர்வர் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பது பக்கத்தின் அடியில் எழுதியிருக்கும், பாருங்கள்.

லாகின் விஷயம் எளிது. அந்த இணைப்பு உங்களை வேறொரு சர்வருக்குக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே உங்களுக்குக் கணக்கு இல்லை, கடவுச்சொல்லைத் தட்டவே தட்டாதீர்கள். இணைப்பை நகலெடுத்து உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அதே பதிவு உங்கள் சர்வருக்குள்ளேயே திறக்கும். மறுமொழி எழுதலாம், பூஸ்ட் செய்யலாம், அதாவது உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குப் பகிரலாம். ஆளைத் தேடவும் அப்படித்தான்: பெயரோடு அவருடைய சர்வர் முகவரியையும் சேர்த்து, இரண்டு @ குறியோடு முழுசாகப் போடுங்கள்.

உங்கள் பதிவு தோழியிடம் போகாததற்கும் மேலே சொன்ன காரணம் பொருந்தும். அவருடைய சர்வரில் உங்களை யாரும் பின்தொடரவில்லை என்றால், உங்கள் பதிவு அங்கே போயே இருக்காது. ஹேஷ்டேக்கைத் தேடினாலும், அந்தச் சர்வரிடம் இருப்பதற்குள்தான் தேடும்.

தாழம்பூ (பதில்)

கல்தூண் சொன்னது எல்லாம் சரி. ஆனால் மின்மினி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு இடிக்கிறது. பின்தொடர்கிறவர்களை அனுமதித்துச் சேர்க்கும்படி வைத்திருக்கிறேன் என்றீர்கள். அப்படி வைத்தால், நீங்கள் வேறு ஒன்றைத் தேர்ந்தெடுக்காத வரை புதிய பதிவுகள் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்ற நிலையில்தான் போகும். அந்த மாதிரிப் பதிவில் எத்தனை ஹேஷ்டேக் போட்டாலும் யார் தேடலிலும் வராது. உங்கள் பதிவில் நேரம் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா பாருங்கள்.

இருந்தால், ப்ரிஃபரன்ஸஸ் போய் பதிவுக்கான டிஃபால்ட் நிலையைப் பப்ளிக் என்று மாற்றுங்கள். அனுமதித்துச் சேர்க்கும் வசதியை எடுக்க வேண்டிய தேவை இல்லை, இரண்டும் தனித்தனி. குவயட் பப்ளிக் என்று இன்னொன்று இருக்கும். அதில் எழுதினால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் ஹேஷ்டேக்கிலும் தேடலிலும் வராது. நீண்ட உரையாடலில் மறுமொழி எழுத அது நல்லது, புத்தகம் பற்றிய பதிவுக்கு வேண்டாம்.

அப்புறம் பிரைவசி அண்ட் ரீச் என்ற பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் கணக்கைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கலாமா என்பது. மற்றொன்று, உங்கள் பொதுப் பதிவுகளைத் தேடலில் சேர்க்கலாமா என்பது. 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பிலிருந்து பதிவுகளைச் சொல் வைத்துத் தேட முடிகிறது. எழுதியவர் சம்மதித்தால் மட்டும். சம்மதம் கேட்காமல் யாரையும் தேடலில் கொண்டுவந்து நிறுத்துவதில்லை என்ற அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு இது யாரும் சொல்லாமல் தெரிவதில்லை.

மின்மினி

தாழம்பூ, பூட்டுச் சின்னம் இருக்கிறது! எல்லாப் பதிவிலும். டிஃபால்ட்டை மாற்றிவிட்டேன், அந்த இரண்டு பெட்டிகளையும் தேர்வு செய்துவிட்டேன். பழைய பதிவுகளை எடிட் செய்து பொதுவாக்கப் பார்த்தேன், அந்த இடத்தை மாற்ற விடவில்லை. வழி இருக்கிறதா?

கல்தூண், இணைப்பை ஒட்டும் முறை வேலை செய்கிறது. மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்ந்துவிட்டேன், இன்று காலை எழுதியது வந்திருக்கிறது. மிக்க நன்றி.

தாழம்பூ

எடிட்டில் எழுத்தை மாற்றலாம், யார் பார்க்கலாம் என்பதை மாற்ற முடியாது. பதிவின் மெனுவில் டிலீட் அண்ட் ரீட்ராஃப்ட் என்று இருக்கும். அது பதிவை அழித்து, அதே வரிகளை எழுதும் பெட்டியில் மறுபடி கொண்டுவரும். பப்ளிக் என்று மாற்றிப் போடுங்கள். அதற்கு வந்த மறுமொழிகள் அநாதையாகிவிடும், அதனால் உரையாடல் நடந்த பதிவை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்யுங்கள்.

ஓடக்கரை (பதில்)

இடையில் வருகிறேன், தமிழில் எழுதுகிறவர்கள் தவறவிடும் ஒரு விஷயம். பதிவு எழுதும் பெட்டிக்குக் கீழே மொழியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருக்கிறது. நீங்கள் தளத்தை ஆங்கிலத்தில் பயன்படுத்தினால் பதிவின் மொழியும் ஆங்கிலம் என்றே போகலாம். பொது டைம்லைனில் தமிழ் மட்டும் வேண்டும் என்று வடிகட்டி வைத்திருக்கிறவர்களுக்கு அது வராது. சில சர்வர்களில் இருக்கும் மொழிபெயர்ப்புப் பொத்தானும் இந்தக் குறிப்பை நம்பித்தான் வேலை செய்கிறது. டிஃபால்ட்டாகத் தமிழ் என்று வைத்துவிடுங்கள்.

ஹேஷ்டேக்கில் வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். #புத்தகம் வேறு, #புத்தகத்தை வேறு, #புத்தகங்கள் வேறு. வாக்கியத்துக்குள் டேக் வைத்தால் உருபு ஒட்டிக்கொண்டுதான் வரும், நம் மொழி அப்படி. அதனால் டேக்குகளைப் பதிவின் கடைசி வரியில் தனியாக வையுங்கள். இரண்டு சொற்கள் சேர்ந்தால் நடுவில் அடிக்கோடு போடுங்கள், இடைவெளி விட்டால் டேக் அங்கேயே முடிந்துவிடும். ஆட்களைப் பின்தொடர்வது போல ஹேஷ்டேக்கையும் பின்தொடரலாம், 4.0 பதிப்பிலிருந்து. வந்த புதிதில் ஹோம் வெறிச்சோடி இருக்கும்போது எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

லைக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய தளங்களில் லைக் போட்டால் அது நாலு பேருக்குக் கொண்டுபோகும் என்ற பழக்கம் நமக்கு ஊறிவிட்டது. இங்கே லைக் எழுதியவருக்குப் போகும் பாராட்டு. உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ஹோமுக்கு அது ஒன்றையும் கொண்டுபோகாது. பிடித்த பதிவு நாலு பேரைச் சேர வேண்டுமென்றால் பூஸ்ட் செய்யுங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் பூஸ்ட் செய்யாவிட்டால் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கவே வழியில்லை. கூச்சப்படாமல் செய்யுங்கள்.

கல்தூண்

சர்வர் மூடினால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நான் சொல்வது, இப்போதே ஒரு பெரிய பொதுச் சர்வருக்குப் போய்விடுங்கள். நிறைய பேர் இருக்கும் இடத்தில் பதிவுகளும் நிறைய வந்து சேர்ந்திருக்கும், தேடினால் கிடைக்கும்.

மாறும் வழி: புதிய சர்வரில் கணக்கு தொடங்கி, பழைய கணக்கின் முகவரியை அதில் அலையஸ் (இதுவும் என் கணக்குதான் என்ற குறிப்பு) என்று சேர்க்க வேண்டும். பிறகு பழைய கணக்கிலிருந்து மூவ் கொடுக்க வேண்டும். பின்தொடர்பவர்கள் தானாக மாறிவிடுவார்கள். நீங்கள் பின்தொடர்கிறவர்கள், பிளாக் செய்தவர்கள், புக்மார்க் எல்லாவற்றையும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்துப் புதிய இடத்தில் ஏற்றலாம். எழுதிய பதிவுகள் மட்டும் கூட வராது. ஒருமுறை மாறினால் மறுபடி மாற 30 நாள் காத்திருக்க வேண்டும்.

தாழம்பூ

இதில் நான் கல்தூணோடு உடன்படவில்லை. சின்ன சர்வர் என்பதற்காக ஓட வேண்டியதில்லை. ஆபாசமோ மிரட்டலோ வந்து புகார் கொடுத்தால் உடனே பார்க்கும் அட்மின் (சர்வரை நடத்துகிறவர்) சின்ன சர்வரில்தான் எனக்குக் கிடைத்தார். தேடலில் குறைவாக வருவது உண்மை, ஆனால் ஆட்களையும் டேக்குகளையும் பின்தொடரப் பின்தொடர அது நிறையும்.

இடத்தை மதிப்பிட அளவைப் பார்க்காதீர்கள், எபவுட் பக்கத்தைப் பாருங்கள். விதிகள் தெளிவாக இருக்கின்றனவா, எந்தெந்த சர்வர்களைத் தடுத்திருக்கிறார்கள், ஏன் என்று எழுதியிருக்கிறார்களா. இது முக்கியம், ஏனென்றால் உங்கள் சர்வர் இன்னொன்றைத் தடுத்தால் அங்கிருக்கும் நண்பர்களோடு உங்கள் தொடர்பும் அறுந்துவிடும். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் சில வாக்குறுதிகளை ஏற்க வேண்டும்: தினமும் பேக்கப், அவசரத்துக்கு உள்ளே போகக்கூடிய இன்னொருவர், மூடுவதானால் குறைந்தது 3 மாத முன்னறிவிப்பு. உங்கள் சர்வர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அட்மினிடமே கேளுங்கள், இது சண்டை இல்லை, நியாயமான கேள்வி. எங்கே இருந்தாலும் அந்த சிஎஸ்வி கோப்புகளை அவ்வப்போது எடுத்து வையுங்கள். சர்வர் சொல்லாமல் நின்றுவிட்டால் மூவ் கொடுக்க முடியாது. அந்தக் கோப்பு கையில் இருந்தால் நீங்கள் பின்தொடர்ந்தவர்களையாவது மறுபடி பிடித்துவிடலாம்.

நெடுஞ்சாலை (பதில்)

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளம் இருக்கிறதே. 2024 பிப்ரவரியிலிருந்து அழைப்பு இல்லாமல் யாரும் சேரலாம். ஒருவர் தொகுத்த ஸ்டார்டர் பேக்கை, அதாவது பின்தொடரத் தகுந்தவர்களின் பட்டியலைத் தட்டினால் ஒரே அடியில் பலரைப் பின்தொடரலாம், எந்த ஃபீட் வேண்டும் என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எழுத 300 எழுத்துதான். மாஸ்டடானில் பொதுவாக 500.

மின்மினி

நெடுஞ்சாலை, நன்றி. புத்தகம் பற்றி எழுத எனக்கு 500 தேவைப்படுகிறது, தவிர இங்கே வேர் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் அட்மினுக்கு எழுதினேன். பேக்கப் எடுப்பதாகவும், இன்னொரு நண்பருக்கும் அனுமதி கொடுத்திருப்பதாகவும் உடனே பதில் சொன்னார். இருக்கப்போகிறேன். ரீட்ராஃப்ட் செய்த பதிவுகளைத் தோழி பூஸ்ட் செய்தார், தெரியாத இருவர் வந்து பேசினார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. தோழிக்குத் தனிச்செய்தி அனுப்பினால் அது எங்கள் இருவருக்கும் மட்டும்தானே?

தாழம்பூ

இல்லை. மாஸ்டடானில் தனிச்செய்தி என்பது, பெயர் குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் காட்டப்படும் ஒரு பதிவு, அவ்வளவுதான். முழுமையான மறையாக்கம் கிடையாது. உங்கள் சர்வர் அட்மினும் தோழியின் சர்வர் அட்மினும் நினைத்தால் படிக்க முடியும். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: நடுவில் மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசும்போது அவருடைய முகவரியை @ போட்டு எழுதிவிட்டால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். அழித்தாலும் அழிக்கச் சொல்லி மற்ற சர்வர்களுக்குக் கோரிக்கைதான் போகும், அவை கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொலைபேசி எண், முகவரி, பண விவரம், மனதுக்குள் வைத்திருக்கும் எதுவானாலும் சிக்னல் மாதிரி மறையாக்கம் உள்ள செய்திச் செயலி ஒன்றில் பேசுங்கள்.