இத்தாலியில் வாடகை கார், வேக அபராதம்: கார்டில் பணம் எடுத்த பிறகும் கடிதம் வந்திருக்கிறது

தூரத்துப்பச்சை:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் அவசரம்.

போன அக்டோபரில் குடும்பத்தோடு இத்தாலி போயிருந்தோம். ஃபுளோரன்ஸில் வாடகைக்குக் கார் எடுத்து சியெனா வரைக்கும் நான்தான் ஓட்டினேன். வழியில் யாரும் நிறுத்தவில்லை, ஃபிளாஷ் அடித்ததாகவும் தெரியவில்லை. டிசம்பரில் வாடகை நிறுவனம் கார்டிலிருந்து 45 யூரோ எடுத்தது. கேட்டதற்கு 'போக்குவரத்து விதிமீறல்' என்று ஒரே வரியில் பதில். சரி, அபராதம் கட்டியாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்தத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் ஒரு கடிதம். இடம், தேதி, காலை 11:42, வண்டி எண் எல்லாம் சரியாக இருக்கிறது. வேக வரம்பு 90, பதிவான வேகம் 107, அதற்குக் கீழே 101.65 என்று இன்னொரு எண். கட்ட வேண்டியது என்று மூன்று தொகைகள்: 121.10, 173, 347. தபால் செலவு தனி.

ஒரே தப்புக்கு இரண்டு தடவை கட்ட வேண்டுமா? ஆறு மாதம் கழித்து இப்படி அனுப்பலாமா? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டா அந்த வேகத்தில் போனேன் என்று நினைத்தால் இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

வழித்துணை:

சகோதரி, முதலில் தேதியைக் கவனியுங்கள். திங்களன்று கடிதம் கைக்கு வந்ததென்றால், மறுநாளிலிருந்து ஐந்து நாள். சனிக்கிழமையோடு 121.10 மட்டும் கட்டும் சலுகை போய்விடும். அது 173-இல் 30 சதவீதம் கழித்த தொகை. அதன் பிறகு அறுபதாம் நாள் வரை 173, அதையும் தாண்டினால் 347.

அந்த 45 யூரோ அபராதமே இல்லை. வண்டியை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்கும்போது உங்கள் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் போட்ட கட்டணம். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதில் ஒரு சென்ட் கூடப் போலீசுக்குப் போவதில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

101.65 எப்படி வந்தது என்றால், இத்தாலியில் கேமரா காட்டும் வேகத்தில் 5 சதவீதம் கழிப்பார்கள், குறைந்தது 5 கிலோமீட்டர். 107-இல் 5.35 போனால் 101.65. வரம்பைவிட 11.65 அதிகம். 10-க்குள் இருந்திருந்தால் 42 யூரோவோடு முடிந்திருக்கும். பத்தைத் தாண்டியதால் 173. இரவு 10 மணி முதல் காலை 7 மணிக்குள் நடந்திருந்தால் இதோடு இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கும்.

தாமதத்தை வைத்தும் தப்ப முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு.

மலையேறி:

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். அந்தக் கருவிகளை அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்று 2015-இல் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சோதனைத் தேதி கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எதிர்த்து வழக்காடலாம்.

வழித்துணை:

மலையேறி சொன்னது சரிதான், உரிமை இருக்கிறது. ஆனால் பணம் கட்டிய பிறகு மேல்முறையீடு கிடையாது, அதனால் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 'பிரெஃபெட்டோ' என்ற அரசு அதிகாரியிடம் முறையிட்டுத் தோற்றால் குறைந்தபட்சத் தொகையைப் போல இரண்டு மடங்காவது கட்ட வேண்டும், அதாவது குறைந்தது 346. மனுவையும் இத்தாலிய மொழியில் எழுத வேண்டும். நீங்கள் அந்தப் பக்கமே போகாத நாள், வேறு வண்டி எண் என்றால் நானே போராடச் சொல்வேன். இங்கே அப்படி எதுவும் இல்லை.

நெடும்பயணி:

நான் கட்டாமல் விட்டவன். வெளிநாட்டிலிருந்து வந்து என்ன செய்துவிடுவார்கள் என்று ஒரு வருடம் சும்மா இருந்தேன். அப்புறம் வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது, தொகை ஏறியிருந்தது. அதைக் கட்டும்வரை வீட்டில் நிம்மதி இல்லை. தயவுசெய்து என்னைப் போலச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. கடிதம் போலியா என்று சோதித்துவிட்டுக் கட்டுங்கள். கடிதத்தில் இருக்கும் இணைய முகவரியை அப்படியே நம்பாமல், அனுப்பிய போலீஸ் அலுவலகத்தின் தளத்தை நீங்களே தேடிப் போய், கடித எண்ணையும் வண்டி எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

தூரத்துப்பச்சை:

தேடிப் பார்த்தேன், கடிதம் உண்மையானதுதான். புகைப்படமும் அங்கே இருந்தது. காரின் பின்பக்கம், எண் பலகை தெளிவாக. பின் கண்ணாடியில் என் மகளின் மஞ்சள் தொப்பி தெரிகிறது. இனி வாதாட எனக்கு மனமில்லை.

கட்டிவிடுகிறேன். வங்கிப் பரிமாற்றமா, கார்டா?

வழித்துணை:

கார்டில் முடிந்தால் கார்டிலேயே கட்டுங்கள். வங்கி வழியாக அனுப்பினால் பணம் போய்ச் சேர நாள் பிடிக்கும், ஐந்து நாள் தாண்டிவிட்டால் பாக்கியைக் கேட்பார்கள். எப்படிக் கட்டினாலும் கடித எண், வண்டி எண் இரண்டையும் குறிப்பிடுங்கள். தபால் செலவையும் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு யூரோ குறைந்தாலும் முழுப் பணம் கட்டியதாகக் கணக்கு வைக்க மாட்டார்கள்.

கேட்க மறந்துவிட்டேன், கடிதத்தோடு இன்னொரு தாள் இருந்ததா? ஓட்டியவர் யார், உரிம எண் என்ன என்று நிரப்பும் படிவம்?

தூரத்துப்பச்சை:

இருக்கிறது! முழுக்க இத்தாலிய மொழியில் இருந்ததால் விளக்கத் தாள் என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன். பணம் கட்டினாலும் இதை அனுப்ப வேண்டுமா?

வழித்துணை:

கட்டாயம் அனுப்ப வேண்டும். அது விதிமீறலுக்காக ஓட்டியவரின் உரிமத்தில் புள்ளி குறைப்பதற்கான படிவம், அபராதம் கட்டுவதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. 60 நாளுக்குள் போகாவிட்டால் அதற்கென்று தனியாக இன்னொரு அபராதம் வரும், அது இதைவிடப் பெரியது. உரிமத்தின் இரு பக்க நகலில் கையெழுத்துப் போட்டு, படிவத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தூரத்துப்பச்சை:

இன்று காலை கார்டில் கட்டினேன், ரசீது மின்னஞ்சலில் வந்துவிட்டது. மதியம் படிவத்தையும் தபாலில் சேர்த்தேன். வழித்துணை அண்ணா, அந்த மடித்த தாளை நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் அது இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடந்திருக்கும். மிக்க நன்றி.