குனோவில் விட்டது நம் சிவிங்கிப்புலியா?

வேம்பு: “ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியும் நம்முடையதும் பிரிந்து 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன, மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் ஆப்பிரிக்க விலங்கைக் கொண்டுவந்து விட்டதில் தவறே இல்லை” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பழைய தோல்களிலும் எலும்புகளிலும் எடுத்த டி.என்.ஏ. 2011இலேயே அந்தக் கணக்கை உடைத்துவிட்டது. பிரிந்தது 32,000 முதல் 67,000 ஆண்டுகளுக்கு முன்பு.

முத்துவேல்: எழுதியது நான்தான். பெயரைச் சொல்ல என்ன தயக்கம்? 5,000 என்பது என் கற்பனை அல்ல. 2009இல் சிவிங்கிப்புலியைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி ராஜஸ்தானின் கஜ்னேரில் நடந்த கூட்டத்தில் மரபியலாளர் ஸ்டீபன் ஓபிரையன் சொன்னது.

வேம்பு: 2009இல் சொன்னதை 2011 ஆய்வு திருத்திவிட்டது ஐயா. குறைந்தது 32,000.

முத்துவேல்: இருக்கட்டும். இந்தியாவில் அழிந்துவிட்டதாக 1952இல் அறிவித்த விலங்கு. ஆசிய இனம் ஈரானில் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கிறது. அவர்கள் தர மாட்டார்கள். அருங்காட்சியகத் தோலையா காட்டில் அவிழ்த்துவிடுவீர்கள்?

கயல்: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். 2020இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் பழைய எலும்பையும் 19ஆம் நூற்றாண்டுத் தோலையும் ஆராய்ந்தார்கள். அவர்கள் படித்தது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாய்வழியை மட்டுமே காட்டும். அதை வைத்து ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு...

வேம்பு: சுற்றி வளைக்காதீர்கள் அம்மா. 5,000 சரியா, தவறா?

கயல்: நான் சொல்ல வந்ததே வேறு.

வேம்பு: அப்படியானால் தவறு. 2023இல் குனோவில் என்ன நடந்தது? மழைக்காலத்தில் அங்கே விட்ட சிவிங்கிப்புலிகளுக்குக் குளிர்கால ரோமம் அடர்ந்து வளர்ந்தது. கண்காணிக்கக் கழுத்தில் மாட்டிய ரேடியோ பட்டைக்கு அடியில் ஈரம் தங்கி, தோல் புண்ணாகி, புழு வைத்துச் சில செத்தன. இந்த மண்ணின் விலங்குக்கு இந்தக் கதி வருமா?

முத்துவேல்: அது தென் அரைக்கோளத்தின் பருவக் கணக்கு! அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். அதற்கும் உங்கள் 32,000க்கும் என்ன சம்பந்தம்?

வேம்பு: வேறு இடத்து விலங்கு என்றுதானே நானும் சொல்கிறேன்.

தணிகை: குனோ முதலில் சிங்கத்துக்காகத் தயார்செய்த காடு. குஜராத்தின் கிர் சிங்கங்களை ஆறு மாதத்தில் அங்கே கொண்டுபோகும்படி 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்றுகூட வரவில்லை. அதைப் பேச உங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லையே?

முத்துவேல்: தணிகை எந்த விவாதத்துக்கு வந்தாலும் குஜராத்தை இழுக்காமல் போக மாட்டார்.

தணிகை: உத்தரவைச் சொன்னால் உங்களுக்கு ஏன் சுடுகிறது?

வேம்பு: சிங்கத்துக்குத் தனியாக ஒரு திரி தொடங்குங்கள். அதே 2013 உத்தரவு ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலித் திட்டத்தையும் தடுத்தது. முத்துவேல் அதை வசதியாக மறந்துவிட்டார்.

முத்துவேல்: 2020இல் அதே நீதிமன்றம் அனுமதி கொடுத்ததை நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

வேம்பு: சோதனை முறையில் என்றுதான் அனுமதித்தது. நீதிமன்றம் அனுமதித்தால் 32,000 ஆண்டு 5,000 ஆண்டாகச் சுருங்கிவிடுமா?

முத்துவேல்: புலிக் கணக்கெடுப்பு பற்றிய திரியில் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. முதலில் அதை எழுதுங்கள்.