முளைநேர்: கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கு ஒரு கலைச்சொல் வேண்டி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கைத்துப்பாக்கிப் பயிற்சியில் ‘சைட் அலைன்மென்ட்’ என்று வழங்குவதற்கும் அதற்கான பயிற்சித் துணைகளுக்கும் தமிழ்ச்சொல் கேட்டு ஆரணி அம்மையார் தொடங்கிய இழையை மூன்று நாட்களாகப் படித்துவருகிறேன். அம்மையார் முன்வைத்த ‘பார்வைச் சீரமைப்பு’, குடியாத்தம் ஆசிரியர் ஐயா முன்வைத்த ‘குறிநேர்ப்பாடு’ ஆகிய இரண்டுமே சிந்தித்து ஆக்கிய சொற்கள். ஆனாலும், வேலூரில் கல்லூரி மாணவர்களுக்குப் பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி கற்றுத்தருபவன் என்ற முறையில், அவ்விரண்டும் பயிற்சிக் களத்தில் எங்கே இடறும் என்பதைச் சொல்லிவிட்டு, வேறொரு சொல்லை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பொருளைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். துப்பாக்கிக் குழலின் முன்முனையில் மேல்நோக்கி நிற்கும் சிறு கட்டை ஒன்று இருக்கிறது. பிடிக்கு மேலே, பின்பக்கத்தில், நடுவில் சதுரமாக வெட்டிய தகடு ஒன்று இருக்கிறது. கையை நீட்டிப் பார்க்கும்போது அந்த வெட்டுக்குள் இந்தக் கட்டை தெரியவேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் அமையவேண்டும். கட்டைக்கு இடப்புறமும் வலப்புறமும் தெரியும் வெளிச்சக்கீற்று ஒரே அகலத்தில் இருக்கவேண்டும். இவ்வளவுதான் நாம் பெயர் தேடும் பொருள். இதில் இலக்கு என்பது எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். இந்த ஒழுங்கைக் குலைக்காமல் கொண்டுபோய் இலக்கு அட்டையின் கறுப்பு வட்டத்துக்குக் கீழே நிறுத்துவது அடுத்த வேலை. அதைத்தான் பயிற்சியாளர்கள் ‘சைட் பிக்சர்’ என்கிறார்கள். தமிழில் நாம் இரண்டையும் சேர்த்து ‘குறி பார்த்தல்’ என்று சொல்லிவிடுகிறோம். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டையும் ஏன் பிரித்தே தீரவேண்டும் என்பதற்குக் கணக்கு ஒன்று போதும். முன்கட்டைக்கும் பின்தகட்டுக்கும் இடையே 330 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கை முழுவதும் அப்படியே, துப்பாக்கி திரும்பாமல், பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும். இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், ஆகையால் அது பத்துப் புள்ளியாகவே எண்ணப்படும். ஆனால் வெட்டுக்குள் கட்டை 1 மில்லிமீட்டர் ஒருபக்கம் ஒதுங்கிவிட்டால், பத்து மீட்டர் கடந்து இலக்கைச் சேரும்போது அந்த விலகல் ஏறத்தாழ 30 மில்லிமீட்டராக விரிந்திருக்கும். கறுப்பு வட்டத்தின் விட்டமே 59.5 மில்லிமீட்டர்தான்; ஆகவே நடுவில் விழவேண்டியது கறுப்பின் ஓரத்துக்குப் போய் ஏழாகிவிடும். முதலில் சொன்னது கை நடுக்கத்தின் பிழை, அதை எவராலும் முற்றாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. இரண்டாவது கோணத்தின் பிழை. அதைக் கண் கண்டுபிடிக்காவிட்டால் வேறு எதனாலும் ஈடுசெய்ய இயலாது.

கண்ணுக்கோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவுதான் தெளியும். பின்தகடு கையெட்டும் தூரத்தில், முன்கட்டை அதற்கு ஓரடி அப்பால், இலக்கு பத்து மீட்டரில். மூன்றையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க இயலாது என்பதால் முன்கட்டையைத் தெளிவாகவும் இலக்கை மங்கலாகவும் பார்க்கப் பழக்குகிறோம். புதியவர்களுக்கு இதைவிடக் கடினமான பாடம் இல்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு எங்களிடம் கற்க வந்த மாணவி ஒருத்தி, கை அசையாமல் நிற்கும் திறன் இயல்பிலேயே வாய்த்தவள். அப்படியிருந்தும் அவள் சுட்ட குண்டுகள் இடமும் வலமுமாகச் சிதறின. சுடும்போது எது தெளிவாகத் தெரிந்தது என்று கேட்டேன். “கறுப்பு வட்டம்தான், சார். நீங்கதானே குறியை நல்லாப் பாருன்னு சொன்னீங்க” என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. என் சொல்தான் அவள் கண்ணை இலக்கில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அந்த நாளிலிருந்து, முதற்பாடத்தில் ‘குறி’ என்ற சொல்லே வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

குடியாத்தம் ஐயாவின் ‘குறிநேர்ப்பாடு’ எனக்கு ஒவ்வாமல் போவது இதனால்தான். தமிழில் குறி என்றால் இலக்கு. குறி தப்பியது, குறி வைத்தான் என்று நூறு இடங்களில் புழங்கும் சொல்லை எடுத்துத் துப்பாக்கியின் உறுப்புக்குச் சூட்டினால், கேட்பவர் மனம் பழகிய பொருளுக்கே போகும். அம்மையாரின் ‘பார்வைச் சீரமைப்பு’ வேறுவகையில் இடறுகிறது. சீரமைப்பு என்பது சாலைக்கும் ஏரிக்கரைக்கும் நாம் சொல்வது, பழுதானதைத் திருத்துவது என்ற பொருள் அதில் படிந்துவிட்டது. மருத்துவமனைகளுக்கே பெயர்பெற்ற வேலூரில் பார்வைச் சீரமைப்பு என்று பலகை வைத்தால் கண் சிகிச்சைக்கென்றுதான் எவரும் கொள்வர்.

இவ்விடத்தில் வரலாற்றுச் செய்தி ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1806 சூலை 10 அன்று நம் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த காலத்தில் படைகளில் புழங்கிய மஸ்கெட் என்னும் நீள்குழல் துப்பாக்கிகளுக்குப் பின்தகடு கிடையாது. குழலின் முனையில், குத்தீட்டியை மாட்டுவதற்கென்று வைத்த சிறு முளை மட்டுமே இருந்தது. நோக்குவதற்கும் அதுவே உதவியது. ஒரே ஒரு முளையும் எதிரே ஓர் இலக்கும் மட்டும் இருந்தவரை ‘குறி பார்’ என்ற ஒற்றைச் சொல்லே போதுமானதாக இருந்திருக்கும். பின்பக்கத்தில் இரண்டாவது உறுப்பு வந்த பிறகுதான், இலக்குக்கு முன்பாகவே ஒத்துப்பார்க்க வேண்டிய ஓர் உறவு துப்பாக்கியின் மேலேயே உண்டானது. நம் மொழியில் அந்த உறவுக்குத்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

என் பரிந்துரைக்கு வருகிறேன். முன்கட்டைக்கு ‘முளை’ என்றே சொல்லலாம். பரப்பிலிருந்து எழுந்து நிற்கும் சிறு பொருளுக்கு நம் ஊர்களில் அதுதான் பெயர்; மாடு கட்டுவதும் முளையில்தான், நிலம் அளப்பவர் அடிப்பதும் முளைதான். பின்தகட்டின் வெட்டுக்குக் ‘காடி’ என்ற தச்சர் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். என் தந்தையார் சத்துவாச்சாரியில் தச்சுப்பட்டறை வைத்திருந்தார். சட்டத்தில் பலகை இறங்குவதற்கு எடுக்கும் பள்ளத்தைக் காடி என்பார். காடி என்றால் புளித்த நீராயிற்றே, மாட்டுத் தொட்டியாயிற்றே என்று குடியாத்தம் ஐயா கேட்கலாம். உண்மைதான், ஆனால் பட்டறையில் நின்று “காடி எடு” என்றால் எவரும் புளித்த கஞ்சியை எடுத்துவரமாட்டார். பயிற்சிக் களமும் அத்தகைய இடமே. இடம் அறிந்து பொருள்கொள்வது தமிழ் பேசுவோருக்குப் புதிதன்று.

உறவைக் குறிக்கும் சொல்லையும் அதே பட்டறையிலிருந்துதான் எடுக்கிறேன். பலகையை இழைத்து முடித்ததும் தந்தையார் அதன் ஒரு முனையைக் கன்னத்தருகே வைத்து, ஒரு கண்ணை மூடி, விளிம்போடு பார்வையைச் செலுத்துவார். சிறிது வளைந்திருந்தாலும் “நேர் போயிடுச்சு” என்பார். மறுபடி இழைத்துவிட்டு “இப்போ நேர் வந்துடுச்சு” என்பார். அவர் வாயில் நேர் என்பது பெயர்ச்சொல். யாப்பிலும் நேர், நிரை என்று பெயராகவே வழங்குகிறோம். அந்தச் சொல்லுக்கு வளையாமை என்ற பொருளும் உண்டு, ஒப்பு என்ற பொருளும் உண்டு. மேல்விளிம்புகள் ஒரே கோட்டில் வருவதை முதற்பொருளும், இருபுற வெளிச்சமும் சமமாக இருப்பதை இரண்டாம் பொருளும் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே ‘முளைநேர்’ என்று சொல்வோம். முளை முன்னே நிற்பதால், சொல்லைக் கேட்டதுமே கண் போகவேண்டிய இடத்துக்குப் போகும். ‘முளைநேர் பிடி’, ‘முளைநேர் கலைந்துவிட்டது’ என்று வினையோடும் இயல்பாகச் சேர்கிறது. ‘மட்டம்’ என்ற சொல்லையும் எண்ணிப்பார்த்தேன். ரசமட்டத்தில் குமிழி இரு கோடுகளுக்கும் நடுவே நிற்பது, காடியின் நடுவே முளை நிற்பதைப் போலவே இருக்கும், பாடத்தில் உவமையாக அதைக் காட்டுகிறேன். ஆயினும் மட்டம் உயரத்தை மட்டுமே பேசுகிறது என்பதால் விட்டுவிட்டேன். முளை, காடி, இலக்கு மூன்றும் சேர்ந்த ‘சைட் பிக்சர்’ என்பதற்குக் ‘குறிக்காட்சி’ பொருந்தும். குறி அங்கே வரலாம், வரவும் வேண்டும்.

இனிப் பயிற்சித் துணைகள். அம்மையார் கேட்டிருந்தவற்றுள் எனக்கு மிகவும் வேண்டியது அட்டைத் துணைதான். பழைய கலியாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சதுரக் காடியை வெட்டி, வேறோர் அட்டைத் துண்டில் காடியைவிடச் சற்று ஒடுக்கமாக முளையை வெட்டி, காடியின் பின்னால் அதை நகர்த்தச் சொல்லுகிறேன். மாணவர் முளையை நகர்த்தி நிறுத்தியதும் நான் பென்சிலால் அதன் ஓரத்தைக் கோடிடுவேன். மறுபடி கலைத்துவிட்டு மறுபடி நிறுத்தச் சொல்வேன். ஐந்து முறை செய்தால் ஐந்து கோடுகள் விழும், அவை ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா, பரந்து கிடக்கின்றனவா என்பதை மாணவரே காண்பார். முளை உயர்ந்தால் குண்டு உயரும், முளை இடம் சரிந்தால் குண்டும் இடம் சரியும் என்பதையும் அதிலேயே காட்டிவிடலாம். துப்பாக்கியைத் தொடாமலேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. இதற்கு ‘நேரட்டை’ என்று பெயர் வைத்திருக்கிறேன். மாணவர்கள் இரண்டு வாரமாகத் தயக்கமின்றிச் சொல்லுகிறார்கள்.

‘டிரை ஃபயரிங்’ என்பதை ‘உலர் சுடுதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே ஈரம் என்பது எதுவும் இல்லை. குண்டு இல்லாமல் விசையை மட்டும் அழுத்துகிறோம். வெறுங்கை, வெறும்வயிறு என்று சொல்லும் மொழியில் ‘வெற்றுச்சுடுகை’ என்பதே இயல்பு. சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவரை நோக்கி இதைச் செய்யும்போது கண்ணுக்கு வேறு புகலிடம் இல்லாததால் அது முளையிலேயே நிற்கும். இதை ‘வெண்சுவர்ப் பயிற்சி’ என்போம். தற்காலப் போட்டிக் காற்றுத்துப்பாக்கிகள் பலவற்றில் வெற்றுச்சுடுகைக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது; .22 அங்குலத் தோட்டா இடும் வகையில் உறுப்புகள் தேயாமலிருக்கப் ‘போலித் தோட்டா’ இடுவது நல்லது. எதுவாயினும் துப்பாக்கி வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பின்னரே தொடங்கவேண்டும். ‘வெற்று’ என்ற சொல் ஒவ்வொரு முறையும் அதை நினைவூட்டும் என்பதும் நான் அதை விரும்புவதற்கு ஒரு காரணம்.

விசையை அழுத்தியதும் ஒளிப்புள்ளி பாய்ச்சும் துணையை ‘ஒளித்தோட்டா’ எனலாம். ஆனால் முளைநேர் கற்பவருக்கு நான் அதைக் கொடுப்பதில்லை. புள்ளி எங்கே விழுந்தது என்று பார்க்கும் ஆவலில் கண் சுவருக்குத் தாவிவிடுகிறது. குழலில் உணரியைப் பொருத்தித் திரையில் அசைவைக் கோடாக வரையும் ஸ்காட் போன்ற கருவிகளுக்கு ‘தடங்காட்டி’ பொருந்தும். குழல் எந்தத் திசையை நோக்கியது என்பதை அது காட்டும். விலகல் கை நடுக்கத்தால் வந்ததா, முளைநேர் கலைந்ததால் வந்ததா என்பதை அந்தக் கோட்டிலிருந்து நேரடியாகப் பிரித்தறிய முடியாது. ஆகையால் அதன் பெயரில் ‘நேர்’ சேர்க்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கம்மவான்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரிடம் இந்தச் சொற்களைச் சொல்லிக் காட்டினேன். படையில் இருந்த ஆண்டுகளெல்லாம் முன்முனைக்கு ‘டிப்’, பின்னுறுப்புக்கு ‘பேக்சைட்’, குறி பார்ப்பதற்கு ‘சிஸ்த்’ என்றே பழகியவர் அவர். நேரட்டையைக் கையில் வாங்கி, முளையை நகர்த்தி, நெடுநேரம் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, ரைஃபிளுக்கு இது ஒத்துவராதே தம்பி என்றார். அவர் சொல்வது சரி. பத்து மீட்டர் காற்று ரைஃபிளில் முன்னே இருப்பது முளையன்று, வளையம். பின்னே காடியன்று, சிறு துளை. துளைக்குள் வளையமும் வளையத்துக்குள் கறுப்பு வட்டமுமாக, ஒரே மையத்தில் வட்டங்களாக அமைத்துப் பார்க்கவேண்டும். அங்கே ‘வளையநேர்’ என்று இதே அச்சில் வார்க்கலாமா, அல்லது மையத்தைக் குறிக்கும் வேறு சொல் வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. ஐயாவும் அம்மையாரும் ரைஃபிளுக்கான சொல்லைத் தனியிழையில் எடுத்துக்கொண்டால், திருவண்ணாமலை, ராணிப்பேட்டைப் பக்கம் ரைஃபிள் கற்றுத்தரும் நண்பர்களையும் அங்கே அழைத்துவருகிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து