டிசம்பரில் பாரிஸ், சுவிஸ் டூர்: அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாமா?

களுவாஞ்சிகுடிக்காரன்
வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஒன்பது நாள் டூர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். நான், மனைவி, அம்மா (67 வயது, பிரஷர் குளிசை எடுக்கிறவர்), 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பாரிஸில் இரண்டு இரவு, சுவிஸில் மூன்று, பிறகு மிலான், வெனிஸ், ரோம் ஒவ்வோர் இரவு. எல்லா இடமும் பஸ்தான், கைடு கூடவே வருவார். இந்தக் கிழமைக்குள் முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த குளிரெல்லாம் மாரி மழையில் நனைந்துகொண்டு கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுதான். அம்மாவுக்கு ஒருதரமாவது பனியைத் தொட்டுப் பார்க்க ஆசை. போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

வாவிக்கரை
அண்ணா, முற்பணம் கட்டும் கையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நாங்களும் இதே மாதிரி ஒரு டிசம்பரில் மாமியையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே அந்த மாதத்தில் எட்டு மணிக்குப் பிறகுதான் விடியும், பின்னேரம் ஐந்து மணிக்குள் சூரியன் போய்விடும், அந்தச் சின்னப் பகலில் பாரிஸிலிருந்து சுவிஸில் இருக்கிற லூசேர்னுக்கு 600 கிலோமீற்றர் பஸ் ஓடினால் மிச்சம் என்ன இருக்கும்? என் மகன் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் மீன் கீறிக்கொண்டே சுவிஸுக்குள் போனான். நினைத்த இடத்தில் நிறுத்தவும் மாட்டார்கள். நாலரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், கழிவறைக்குப் போவதெல்லாம் அந்தக் கணக்குக்குள்தான்.

எங்கள் பயணத் தாளில் ‘ஈபிள் கோபுரம் பார்வையிடல்’ என்று இருந்தது. அதற்கு அர்த்தம் கீழே இருபது நிமிடம் நின்று படம் எடுப்பது என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. மேலே ஏறும் டிக்கெட் எதற்கெல்லாம் உண்டு என்று ஒவ்வொரு வரிக்கும் எழுத்தில் கேளுங்கள். கைடு நல்ல மனுசன், ஆனால் நாற்பது பேரை மேய்க்கிற ஆளிடம் உங்கள் அம்மாவுக்காகக் காத்திருக்கச் சொல்ல ஏலாது.

சிரிக்க ஒன்று: மாமி கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் முதல் நாள் காலையிலேயே போத்தலுக்குள் வெள்ளைக் கட்டி. யாரோ மெழுகை ஊற்றிவிட்டார்கள் என்று சண்டை. பிறகு ஒவ்வொரு காலையும் ஹீட்டர் மேல் போத்தலை வைத்துக்கொண்டு காவல் இருந்தார்.

அக்கரைப்பற்றுத் தாதி
அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. உங்கள் பயணத் தாளில் யுங்ஃபிராவ்யோக் என்ற சுவிஸ் பனிமலை இடம் இருக்கிறதா பாருங்கள். ரயில் போய் நிற்கும் இடமே 3454 மீற்றர், நம்முடைய உயர்ந்த மலை பிதுருதலாகல 2524 தான். ஒரே காலையில் அவ்வளவு உயரம் போனால் சாதாரண ஆளுக்கே தலை சுற்றும், பிரஷர் உள்ளவர் டொக்டரிடம் கேட்காமல் ஏறக் கூடாது. பனி தொடத்தானே ஆசை? லூசேர்ன் பக்கத்தில் ரிகி மலை இருக்கிறது, உச்சி 1798 மீற்றர், நுவரெலியா டவுனை (1868) விடக் கீழே. 1871இலிருந்து மலை ரயில் ஓடுகிறது, அம்மா ஏற வேண்டியதே இல்லை. டிசம்பரில் கீழே ஊரெல்லாம் பனிப்புகார் மூடிக் கிடக்க மேலே நல்ல வெயில் அடிக்கிற நாளும் உண்டு, ஏறுமுன் மலை உச்சிக் கமராவை ஃபோனில் பாருங்கள்.

உடுப்பு விஷயத்தில் பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிராக்கும். தோலோடு ஒட்டிய தேர்மல் உள்ளுடுப்பு, மேலே கம்பளி, அதற்கு மேல் நீர் புகாத ஜக்கெட். குளிசைகளை டொக்டர் துண்டோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி எந்த நாட்டில் நிற்குமோ தெரியாது. அப்புறம் பாலோ இறைச்சியோ சேர்ந்த சாமான் உள்ளே விட மாட்டார்கள், சுவிஸ் சொந்தக்காரருக்கென்று தயிர்ச்சட்டி கட்டிவிடாதீர்கள்!

வெள்ளவத்தை வாடகைவாசி
வீசா பற்றி யாரும் சொல்லவில்லை. மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே வீசாதான் (ஷெங்கன்). கூடுதல் நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், உங்களுக்கு இரவுக் கணக்கில் சுவிஸும் இத்தாலியும் மூன்றுக்கு மூன்று, ஏஜென்சி எதற்குப் போடுகிறது என்று கேளுங்கள். வீசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 9 வயதுக்காரருக்கு 45, சின்னவருக்கு இல்லை. ஆக 315 யூரோ, சேவைக் கட்டணம் தனி. வீசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. அப்படியானால் முற்பணம் என்னவாகும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. விரலடையாளத்துக்கு அம்மாவும் கொழும்பு வர வேண்டும், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. இன்னொன்று, டிசம்பரில் வெள்ளம் வந்தால் கோச்சியும் நிற்கும் ரோட்டும் நிற்கும், ஆகவே ஒரு நாள் முந்தியே கட்டுநாயக்கா பக்கம் வந்து தங்குங்கள்.

களுவாஞ்சிகுடிக்காரன்
எல்லாருக்கும் நன்றி. எழுத்தில் கேட்டேன். தாளில் உள்ள ஏழு இடங்களில் மூன்றுக்குத்தான் உள்ளே போகும் டிக்கெட். ரோமை வெட்டி லூசேர்னில் ஓர் இரவு கூட்ட முடியுமா என்றால் குரூப் டூர், மாற்ற ஏலாதாம். முற்பணம் கட்டவில்லை, சுவிஸ் மட்டும் போகிற ஒன்றைத் தேடுகிறோம். அம்மா இப்போதே தேங்காய் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் எடுத்து வைத்துவிட்டார். தாதி அக்கா, சின்னவனுக்குச் சப்பாத்து ஓர் அளவு பெரிதாக வாங்கி இரண்டு மேசு போட்டால் சரிவருமா?

அக்கரைப்பற்றுத் தாதி
சரிவரும், ஆனால் விரலை உள்ளே அசைக்க இடம் இருக்க வேண்டும். இறுகினால் இரத்தம் ஓடாது, அப்போதுதான் கால் விறைக்கும். அடிப்பாகம் வழுக்காததா என்றும் பாருங்கள் தம்பி.